பழைய அளவுக்கு வெட்டிய வெள்ளை உடுப்பு

எங்கள் குடும்பத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியின் இடுப்பும் எத்தனை அங்குலம் என்று எனக்கு மனப்பாடம். முப்பது வருடமாக அபாயா தைக்கிறேன். கல்யாணத்துக்கு முதல் எத்தனை, தலைப்பிள்ளைக்குப் பிறகு எத்தனை, மகளுக்கு மாப்பிள்ளை தேடிய கவலையில் எத்தனை குறைந்தது, எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி இருக்கிறது. அந்தக் கொப்பியில் ஆகப் பெரிய எண் என் ராத்தாவுடையது. அதை நான் யாருக்கும் மறைத்ததில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

ராத்தா என் கூடப்பிறந்த அக்கா, எனக்கு ஆறு வயது மூத்தவள். நல்ல நிறம், படிப்பில் கெட்டிக்காரி, குர்ஆன் ஓதினால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டியதுதான். உம்மா இருந்த பெரிய வீடு மூத்தவள் என்று ராத்தாவுக்குப் போனது. எனக்கு அதே வளவின் பின்பக்கம் இரண்டு அறை கட்டித் தந்தார்கள். எனக்கென்று இருந்தது இந்த மெலிந்த உடம்பு ஒன்றுதான். நாலு பிள்ளை பெற்ற பிறகும் குமர்ப்பிள்ளை மாதிரி இருக்கிறாள் என்று ஊர் சொல்லும். அதை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல.

'நெல்லு மூடை' என்று ராத்தாவுக்குப் பெயர் வைத்தது நான்தான். கல்யாண வீடுகளில் அவள் படியேறும்போது, "வழி விடுங்க கா, நெல்லு மூட வருகுது," என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ராத்தாவும் சிரிப்பாள். அவள் சிரிப்பதால் அவளுக்கு நோகவில்லை என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரியும் நொந்தது என்று. நொந்தபடியால்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதாகும்போது சீனி வருத்தம் என்றார்கள். கூடவே பிரஷர். முழங்கால் ஏற்கெனவே போய்விட்டது. பாயில் குனிய முடியாமல் கதிரையில் இருந்துதான் தொழுவாள். மாதாந்தக் கிளினிக்குக்குத் துணையாக நான் போவேன். அவள் மீதான பாசம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவளைத் தராசில் ஏற்றும்போது பக்கத்தில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கிளினிக்கில் ஒரு நேர்ஸ் இருந்தாள். பக்கத்து ஊரான காரைதீவின் இந்துப் பெண். மிஸ்ஸி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். டொக்டர் வரும்வரை வாங்குகளில் காத்திருக்கும் பெண்களுக்கு நின்றபடியே பாடம் எடுப்பாள். நடக்க வேண்டும் என்று அவள் சொன்னதும் ஒருத்தி, "விடிஞ்சாப் பொழுதுபட்டா வீட்டு வேலதான் மிஸ்ஸி. அதுக்கு மேல என்னத்த நடக்கிற?" என்று கேட்டாள்.

"வேல செய்யிறீங்கதான். கொஞ்சம் கூட்டுறீங்க, நிக்கிறீங்க. கறியக் கிண்டுறீங்க, இருக்கிறீங்க. அதில நெஞ்சு ஒருக்காவாச்சும் உசாரா அடிக்குதா? அரமணித்தியாலம் விடாம நடக்க வேணும். கதைக்க ஏலும், பாட்டுப் படிக்க ஏலா, அந்த வேகத்தில."

"நாங்க பாட்டுப் படிக்கிறல்ல மிஸ்ஸி," என்றேன் நான். வாங்கு முழுக்கச் சிரித்தது.

"அப்ப ஸலவாத் ஓதிப் பாருங்களன்," என்றாள் அவள் உடனே. இந்த முறை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த மிஸ்ஸியை எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

நடப்பது மட்டும் போதாது என்றும் சொன்னாள். "நட நெஞ்சுக்கு. சீனிக்குச் சதை வேணும். தின்னுற சீனிய வாங்கி எரிக்கிற அடுப்பு சதைதான். வயசு போகப் போக அது கரையும். பொம்பளைக்கு மாசத்தீட்டு நிண்டா இன்னும் கெதியாக் கரையும், நெஞ்சுக்கு இருந்த காவலும் அதோட போயிரும். அதால பாரம் தூக்க வேணும். கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம், கை கால் எல்லாத்துக்கும். கதிரையில இருந்து கைய ஊண்டாம எழும்புங்க, இருங்க. சாப்பிட்ட உடன படுக்காம வீட்டுக்குள்ளயே பத்து நிமிசம் நடங்க."

அஞ்சு நேரம் குனிந்து நிமிர்கிறோமே, அதற்கு மேல் என்ன உடற்பயிற்சி என்று திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் நான் பொரிந்து தள்ளினேன். ராத்தா கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கு நெத்தி நிலத்தில படத் தொழ வேணும் புள்ள. அஞ்சு வரிசமாகுது," என்றாள். அவளுக்குத் தேவைப்பட்டது அதுதான். மெலிய வேண்டும் என்று அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், நல்ல மனுசன். சந்தைக்குப் போனவர் அவளுக்கு ஒரு சோடி கன்வஸ் சப்பாத்து வாங்கி வந்தார். தண்ணீர்ப் போத்தல் இரண்டில் கடல் மணலை அடைத்து, மூடியை இறுக்கி, "இந்தா உன்ட பாரம்," என்று கொடுத்தார். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு ராத்தா கடற்கரைக்கு இறங்கத் தொடங்கினாள். அந்த நேரம் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் அங்கே நடப்பார்கள், இரண்டு பேர் மூன்று பேராக, கறுப்பு அபாயாவும் கன்வஸ் சப்பாத்துமாக. நானும் போனேன். நடக்கப் போகவில்லை, வேடிக்கை காட்டப் போனேன்.

முன்னால் விறுவிறுவென்று நடந்து போவேன். திரும்பி நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவள் மூச்சு வாங்கி வந்து சேரும்வரை பார்ப்பேன். "மெதுவா வைங்க ராத்தா காலை, மண் திட்டி இடிஞ்சிரும்." கரைவலை இழுக்கிறவர்களுக்கும் கேட்கிற குரலில்தான் சொல்வேன். அவள் வாய்க்குள் ஸலவாத் ஓதியபடி என்னைத் தாண்டிப் போவாள். போய்க்கொண்டே இருப்பாள்.

மூன்று மாதத்தில் நான் முன்னால் போவது நின்றது. நாலாவது மாதத்தில் ஒரு நாள் அவளோடு சேர்ந்து நடந்ததற்கே எனக்கு வாய் திறந்து கதைக்க முடியவில்லை, நெஞ்சு படபடத்தது, கண் இருண்டது. குனிந்து செருப்பைக் கழற்றினேன். "வார் அறுந்து போச்சு, நீங்க போங்க," என்றேன். வார் நன்றாகத்தான் இருந்தது. தையல் மெஷினுக்கு முன்னால் முப்பது வருடம் குந்தியிருந்த உடம்புக்கு அந்த மணலில் என்ன தெரியும்? ராத்தா தூரத்தில் கறுப்பாகச் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தாள். என் மனதில் எழுந்தது சந்தோஷம் இல்லை. எரிச்சல்தான், பச்சையான எரிச்சல்.

அடுத்த மாதம் அவள் பாயில் நின்று தொழுது, சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்தாள். எழும்பி இருந்து அழுதாள். மச்சானும் கண்ணைத் துடைத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப இனி அந்தக் கதிரைய எனக்குத் தாங்க, தைக்க வாற புள்ளைகளுக்கு இருக்க ஆகும்." சொன்னதோடு நிற்காமல் கதிரையைத் தூக்கிக்கொண்டும் வந்துவிட்டேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கிளினிக்கில் நடந்ததுதான் என்னை உலுப்பியது. ராத்தாவின் சீனி இறங்கியிருந்தது, பிரஷரும் இறங்கியிருந்தது. மிஸ்ஸி அவளை எழுப்பி நிறுத்தி, "இவவப் பாருங்க எல்லாரும்," என்று காட்டினாள். பிறகு சும்மா இருந்த என்னைப் பிடித்து இருத்திப் பிரஷர் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். இரத்தமும் எடுக்கச் சொன்னாள். றிப்போர்ட் வந்த அன்று அத்தனை பேருக்கும் முன்னால், "மெலிஞ்சிருந்தா நோய் இல்லயெண்டு ஆர் சொன்ன? உங்கட ரெத்தத்தில கொழுப்பு ராத்தாவ விடக் கூட. உங்கட கையில சதையும் இல்ல, கால்ல சதையும் இல்ல. நீங்கதான் அவட பின்னால நடக்க வேணும்," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அது நான் முப்பது வருடமாகப் பிறருக்கு வாங்கிக் கொடுத்த சிரிப்பு. வழியில் ராத்தா என் கையைப் பிடித்து, "பயப்படாத, நாளையில இருந்து ரெண்டு பேரும் சேந்து நடப்பம்," என்றாள். கையை உதறினேன். அந்த றிப்போர்ட்டைக் கிழித்துக் குசினி அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகவில்லை.

அந்த வருடமே மச்சான் மௌத்தானார். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. ராத்தாவுக்கு ஒரே மகன். அவன் கட்டாரில் வேலை. அவன் மனைவி அவளுடைய உம்மா வீட்டில், நற்பிட்டிமுனையில். ஆகவே கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் அந்த இத்தா காலம் முழுக்க ராத்தாவுக்கு நான்தான் கதி. மையித்துத் தூக்கிய வீட்டில் பெண்களெல்லாம் அழுதுகொண்டிருக்க, எனக்குள்ளே ஒரு ஓரத்தில், இனி இவள் என் கையில் என்று ஒரு நினைப்பு ஓடியது. அல்லாஹ் அறிய ஓடியது.

இத்தாவுக்கு வெள்ளை உடுப்புத் தைக்க வேண்டும். அளவு எடுக்க நாடாவைச் சுற்றினேன். அவள் அழுது களைத்துப்போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஆறு அங்குலம் குறைந்திருந்தது. என் கொப்பியில் அவள் பெயருக்கு நேரே அப்படி ஒரு எண்ணை நான் ஒருநாளும் எழுதியதில்லை. அன்றைக்கும் எழுதவில்லை. பழைய அளவுக்கே துணியை வெட்டினேன். போட்டுப் பார்த்தவள் தோள் வழிய நின்று, "பெரிசாக் கிடக்கே புள்ள," என்றாள்.

"இருக்கட்டும். நாலு மாசம் குந்தி இருக்கப் போறீங்க. இதுவும் பத்தாமப் போகும்," என்றேன்.

பெரிய வீட்டின் நடு அறையை அவளுக்கு ஒதுக்கினேன். யன்னலுக்குத் திரை போட்டேன். முற்றத்துக்கு இறங்கக் கூடாது என்றேன், பக்கத்து வளவில் மேல்மாடி கட்டுகிறார்கள், மேசன்மார் நிற்கிறார்கள் என்று காரணம் சொன்னேன். மச்சான் மணல் அடைத்துக் கொடுத்த போத்தல் இரண்டையும் வேலியோரம் கொட்டி, வெறும் போத்தலைக் குப்பையில் போட்டேன். இதெல்லாம் மார்க்கத்தில் இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இத்தாப் பெண்ணைச் சுற்றிச் சட்டம் போடுவது பெண்கள்தான். ஒருத்தி ஒன்று சொன்னால் அடுத்தவள் அதைவிட இறுக்கமாக ஒன்று சொல்வாள். இறுக்கமாகச் சொல்கிறவளுக்குத்தான் மதிப்பு. தலைமாட்டில் இருந்து ஆக இறுக்கமாகச் சொன்னவள் நான்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ராத்தா கேட்டாள், "இந்த அறையில இருந்து குசினி மட்டும் நடந்து நடந்து வந்தாக் குத்தமா? சோத்தத் திண்டுட்டு இருக்க ஏலாமக் கிடக்கு. கால் மரத்துப் போகுது."

நான் ஒரு பொத்தானுக்குத் துளை தைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னேன். "கபுறு மண் இன்னும் காயல்ல. அதுக்குள்ள மெலிய நிக்கிறீங்க. ஆருக்குக் காட்டப் போறீங்க?"

 அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.  கட்டிலில் போய் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் நடப்பதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை.

கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. பார்க்க வருகிறவர்கள் சும்மா வருவார்களா? வட்டிலப்பம் வரும், நெய்ச்சோறு வரும், மஸ்கத் வரும். துக்கக்காரி, தின்னட்டும் என்று ஊட்டாத குறையாகக் கொடுப்பார்கள். அவளும் கொடுத்ததைத் தின்று கட்டிலில் கிடந்தாள். கிளினிக் நாளுக்கு அவளுடைய கிளினிக் கொப்பியைக் கொண்டு நான் மட்டும் போய்ச் சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை வாங்கி வந்தேன். மிஸ்ஸி முதல் மாதம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம், "ஆளைக் காணாம எப்பிடிக் குளிசை தாறது? மூடி மறைச்சுக் கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி வீட்டுக்க நடக்கவாச்சும் சொல்லுங்க, படுக்க விட்டுராதீங்க," என்றாள்.

"ஓம் மிஸ்ஸி," என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ராத்தாவிடம் சொல்லவில்லை. எங்கள் இத்தாவைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் மாதமும் அதையே சொன்னாள். அப்போதும் சொல்லவில்லை. அதற்குள் வெள்ளை உடுப்பு ராத்தாவுக்கு அளவாகிவிட்டது. அக்குளில் இறுக்கியது. அதைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்று எழுத இப்போது கை கூசுகிறது. ஆனாலும் வந்தது.

இத்தா முடிய மூன்று கிழமை இருக்கும்போது ஒரு காலை ராத்தா தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்தாள். "தாடை நோகுது. முதுகுக்குள்ள என்னமோ அமத்துது. வேர்த்து வேர்த்து ஊத்துது புள்ள," என்றாள்.

"வாயு," என்றேன். "குந்தினபடி இருந்தா வாயு வராம என்ன வரும்?" வெள்ளைப்பூட்டை வாட்டிக் கொடுத்தேன். இஞ்சித் தண்ணி கொடுத்தேன். குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். எனக்கு ஒரு கல்யாணத்துக்கு ஏழு அபாயா தைத்து முடிக்கிற அவசரம். மத்தியானம் திரும்பவும் கூப்பிட்டாள். "நெஞ்சு நோகுதா?" என்று கேட்டேன். இல்லை, நெஞ்சு நோகவில்லை, கை கால் சோர்ந்து வருகிறது, மூச்சு எடுக்கக் களைக்கிறது என்றாள்.

"நெஞ்சு நோகல்லயெண்டா ஒண்டுமில்ல. வெளியில போறதுக்கு ஒரு சாட்டு வேணும் உங்களுக்கு. நடிக்காதீங்க ராத்தா."

"நான் நடிக்கல்ல," என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த நாளும் அப்படியே போனது. நான் ஏழு அபாயாவையும் தைத்து முடித்தேன்.

மூன்றாம் நாள் அவள் மகன் கட்டாரிலிருந்து வீடியோக் கோல் எடுத்தான். உம்மாவின் முகத்தைக் கண்டதும் அவன் குரல் மாறியது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோலை வைத்துவிட்டு நேரே பள்ளிவாசல் மௌலவிக்கு எடுத்திருக்கிறான். கால் மணித்தியாலத்தில் மௌலவி தன் மனைவியோடு ஓட்டோவில் வந்து கேற்றுக்கு வெளியே நின்று சத்தம் போட்டார்.

"ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்ல?"

"ராத்தா இத்தாவில இருக்கிறா, மௌலவி," என்றேன்.

"இத்தாயெண்டாச் சாகச் சொல்லியா இரிக்கி? நோய்க்காரி வைத்தியத்துக்குப் போகலாம். வீட்டுக்குள்ளயும் வளவுக்குள்ளயும் நடக்கிறத ஆர் தடுத்த? ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமே, தங்கச்சி. ஒரேயொரு கோல்."

பள்ளிவாசல் எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளித்தான் இருக்கிறது. நூறு நாளுக்கு மேலாக நான் அந்த வழியால் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

மாரடைப்பு வந்து இரண்டு நாள் ஆகியிருக்கிறது என்றார் டொக்டர். இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, அது இனித் திரும்பாது. வந்த உடனே கொண்டுவந்திருந்தால் கதை வேறு என்றார். சீனி வருத்தக்காரருக்கு, அதிலும் பெண்களுக்கு, நெஞ்சு நோகாமலே வரும். தாடை நோகும், முதுகு நோகும், சத்தி வரும், களைக்கும். கட்டிலில் ராத்தா கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி வந்தாள், கேள்விப்பட்டு ஓடி வந்திருக்கிறாள். கிளினிக் கொப்பியைப் புரட்டினாள்.

"ரெண்டு மாசமும் சொல்லி விட்டனே ராத்தாவக் கூட்டிட்டு வாங்க எண்டு. வீட்டுக்க நடக்கவாச்சும் விடுங்க எண்டு சொன்னனே," என்றாள் என்னைப் பார்த்து.

ராத்தா என் பக்கம் தலையைத் திருப்பினாள். பார்த்தாள்.  அந்தப் பார்வைக்குள் நிற்க முடியாமல் நான் தண்ணி வாங்கிவரப் போகிறேன் என்று வெளியே வந்து, ஆஸ்பத்திரிக் கக்கூசுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன். அவளுக்காக அழுதேனா, பிடிபட்டதற்காக அழுதேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

இத்தா முடிந்தது. வெள்ளை உடுப்பைக் கழற்றினாள். இப்போது கதவு திறந்து கிடந்தது, எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் அறையிலிருந்து குசினிக்குப் போய்வர அவளுக்கு இரண்டு இடத்தில் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. செத்த தசை செத்ததுதான். மிச்சமிருக்கிற இதயம் பழுதாகாமல் இருக்க வேண்டுமென்றால் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துதான் ஆக வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, தனியாக விடக் கூடாது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஆள் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்? முதல் கிழமை வாசல் மட்டும். பிறகு கிணற்றடி மட்டும். பிறகு தெருமுனை. தினம் காலையில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். சாப்பாடு, குளிசை, மழை, மருமகளின் கோல், எல்லாம் கதைப்பாள். அந்த ஒன்றை மட்டும் கதைக்க மாட்டாள்.

இந்த வருடம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மக்காவுக்கு உம்றா போக வாய்த்தது. போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பொறுத்தம் கேட்க வேண்டும். மனுசருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனுசர் பொறுக்காவிட்டால் அல்லாஹ்வும் பொறுக்க மாட்டான் என்று சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர் முழுக்கப் போனேன். "என்னையப் பொறுத்துக்கங்க," என்பேன். "பொறுத்திட்டம், எங்களுக்கும் துஆச் செய்யுங்க," என்பார்கள். நெல்லு மூடை என்று சொன்னபோது சிரித்தவர்கள் எல்லாரும் பொறுத்தார்கள். அவர்களுக்கு நான் என்ன செய்தேன், சிரிப்பூட்டினேன். பொறுக்க வேண்டியவள் ஒருத்தி மிச்சம் இருந்தாள். பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும் வரைக்கும் அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் காலை கடற்கரைத் தெரு மட்டும் நடந்து போயிருந்தோம். அதற்கு அங்கால் மணலில் இறங்க ராத்தாவுக்கு ஏலாது. மதில் ஒன்றில் கையை வைத்துக்கொண்டு மூச்சு எடுத்தாள். கீழே பெண்கள் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ராத்தா, நான் உங்களுக்குச் செஞ்சது அநியாயம். போத்தலக் கொட்டினதும் நான், மிஸ்ஸி சொன்னத மறைச்சதும் நான். நீங்க நோவுக்குக் கூப்பிடக்குள்ள நடிப்பெண்டு சொன்னதும் நான். என்னையப் பொறுத்துக்கங்க. உங்கட கால்ல விழுறன்."

அவள் முக்காட்டு நுனியால் நெற்றியைத் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், களைத்துக் களைத்துத்தான் வார்த்தை வந்தது.

"நீ ஒவ்வொரு நாளும் சுபஹோட வாறா. கையப் புடிச்சு நடத்துறா. குளிசையப் பாத்துப் பாத்துத் தாறா. நான் மௌத்தாகிட்டா ஆர் உன்னயப் பொறுக்கிற எண்ட பயம் உனக்கு. எனக்குத் தெரியும். கோவிக்காத, சும்மா கேக்கிறன். இப்ப நான் பொறுத்திட்டன் எண்டு சொன்னா, உம்றா போய் வந்த பொறகும் நீ வருவியா?"

"வருவன்," என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐம்பது வருடமாக என்னைத் தெரிந்தவள். அவளுக்கு முன்னால் எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை.

"அப்ப நட," என்றாள் ராத்தா, மதிலிலிருந்து கையை எடுத்து என் கையில் வைத்து.